சத்தம் வராத ஜன்னல்!

மைக் டெஸ்டிங்... ஒன், டூ, த்ரீ!

எந்த ரெக்கார்டிங் ஸ்டுடியோ போட்டோவை வேணும்னாலும் எடுத்துப் பாருங்க. உள்ளே ஒருத்தர் ஹெட்போன் மாட்டிக்கிட்டு உருகி உருகிப் பாடிட்டு இருப்பார். அவருக்கு எதிர்ல ஒரு பெரிய கண்ணாடி ஜன்னல். அதுக்கு அந்தப் பக்கம், ஏகப்பட்ட பட்டன்களுக்கு முன்னால சவுண்ட் இன்ஜினீயர். நம்ம கண்ணு பாடகரையும் மைக்கையும் பட்டன்களையும்தான் பார்க்கும். அந்த ஜன்னலை யாரும் பார்க்கிறதே இல்லை. அது கண்ணாடி ஆச்சே... அதுக்குள்ள போய் வேற எதையோதானே பார்ப்போம்!

நான் அந்த ஜன்னலை மட்டுமே ரெண்டு மாசம் பார்த்துட்டு இருந்தவள். ஏன்னா, எங்க காலேஜ் ஸ்டுடியோ ஜன்னலைச் செஞ்சது எங்க அப்பா. கண்ணாடி பிடிச்சது, சிலிக்கான் அடிச்சது, ஊதுபத்தி கொளுத்தினது எல்லாம் நான். (ஊதுபத்தி எதுக்குன்னு அப்புறமா சொல்றேன்!)

அப்பா மதுரையில தச்சு வேலை பார்க்கிறார். நிலை, கதவு, ஜன்னல், கட்டில், பீரோ... முப்பது வருஷமா மரத்தூள் வாசனையிலதான் எங்க வீடு ஓடுது. நான் விஸ்காம் மூணாவது வருஷம். அது 2018. 'நம்ம டிபார்ட்மென்ட்டுக்குன்னு ஒரு ரெக்கார்டிங் ஸ்டுடியோ வேணும்'னு எங்க புரொபசருக்கு ஒரு கனவு. 2004 பிப்ரவரி 1-ம் தேதி சென்னை அண்ணா பல்கலைக்கழகத்துல 'அண்ணா எஃப்.எம்.' ஆரம்பிச்சாங்கள்ல... நாட்டோட முதல் கேம்பஸ் கம்யூனிட்டி ரேடியோ. அதைப் பத்தி வகுப்புக்கு வகுப்பு சொல்லிட்டே இருப்பார். ஒருவழியா காலேஜ்ல பழைய ஸ்டோர் ரூமையும் அதை ஒட்டின இன்னொரு ரூமையும் கொடுத்தாங்க. நடுவுல ஒன்பது இன்ச் செங்கல் சுவர். அதுல நாலடிக்கு மூணடி ஒரு ஜன்னல் வைக்கணும். ஒரு கான்ட்ராக்டர் வந்து பார்த்துட்டு ஜன்னலுக்கு மட்டும் ஒரு தொகை சொன்னார். மொத்த ஸ்டுடியோவுக்கே எங்ககிட்ட இருந்த பட்ஜெட் அவ்வளவுதான்!

"எங்கப்பா செய்வார் சார்"னு சொல்லிட்டேன்.

சொன்னது சுலபம். வீட்டுக்கு வந்து அப்பாகிட்ட சொல்றதுதான் கஷ்டம். ஏன்னா, அந்த ரெண்டு வருஷமா அப்பா புது வேலை எதையும் ஒத்துக்கிறது இல்லை. அவருக்குக் காது சரியா கேட்கிறது இல்லை.

திடீர்னு வந்தது இல்ல அது. வட்ட ரம்பமும் இழைப்பு மெஷினும் போடுற சத்தத்துல முப்பது வருஷம் நின்னதோட கூலி. ஒரு வீட்டு வேலையில அளவைப் போன்ல சொன்னாங்க. ஏழுன்னு சொன்னது அப்பாவுக்கு எட்டுன்னு கேட்டுச்சு. கதவு முழுசும் வீண். பணமும் வரலை. போதாததுக்கு, 'செவிட்டு மேஸ்திரி'ன்னு ஒரு பட்டப்பேரு. அதுலேர்ந்து அப்பா தெரிஞ்சவங்க வீட்டுல ரிப்பேர் வேலை மட்டும்தான் பார்த்துட்டு இருந்தார்.

இப்ப அவர்கிட்ட போய், 'சத்தம் வராத ஜன்னல் செய்யணும்'னு சொல்லணும். எப்படி இருக்கும் யோசிச்சுப் பாருங்க.

நான் பேசலை. ஒரு நோட்டுல படம் போட்டுக் காட்டினேன். 'இந்தப் பக்கம் பாடுறவங்க, அந்தப் பக்கம் நாங்க. முகம் தெரியணும், சத்தம் வரக் கூடாது.' அப்பா ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம், "சத்தம் வரக் கூடாதுன்னா சுவரை அப்படியே விட்டுற வேண்டியதுதானே பாப்பா. எதுக்கு இடிச்சு ஜன்னல்?"னு கேட்டார்.

செம கேள்வி!

பாடுறவங்க எப்ப ஆரம்பிக்கணும்னு கை காட்டணும். பேசுறவங்க முகம் வாடினா தெரியணும். முதல் தடவை மைக் முன்னாடி நிக்கிற பாட்டிக்கு, 'நல்லாதான் பேசுறீங்க'ன்னு ஒரு சிரிப்பு சிரிக்கணும். லண்டன் அபே ரோடு ஸ்டுடியோவுல பீட்டில்ஸ் அதிகமா ரெக்கார்டிங் பண்ணின ஸ்டுடியோ டூவுல, கன்ட்ரோல் ரூம் மாடியில இருக்கு. அங்கேயும் கீழே பார்க்க ஒரு ஜன்னல் வெச்சிருக்காங்க. மைக் வழியா வர்றது குரல் மட்டும்தான். ஆள் வர்றது ஜன்னல் வழியாத்தான்.

இதை எல்லாம் எழுதிக் காட்டினேன். அப்பா படிச்சுட்டு மூலைமட்டத்தையும் டேப்பையும் எடுத்துப் பையில போட்டார். அவ்வளவுதான் சம்மதம்.

ஒண்ணு இல்ல, ரெண்டு!

கனமா ஒரே ஒரு கண்ணாடி போட்டுட்டா போதும்னுதான் எல்லாரும் நினைப்போம். போதாது. எடை கூடக் கூட சத்தம் குறையும்கிறது உண்மைதான். ஆனா, எடையை ரெண்டு மடங்காக்கினா சுமார் ஆறு டெசிபல்தான் குறையும். ஒரு சத்தம் நம்ம காதுக்குப் பாதியாத் தோணவே பத்து டெசிபல் குறையணும். இப்படியே எடையைக் கூட்டிட்டுப் போனா ஜன்னலைத் தூக்க கிரேன்தான் வேணும்!

அதனால ரெண்டு கண்ணாடி, நடுவுல காத்து. இங்கேதான் ஒரு விவகாரம் இருக்கு. ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல அடைபட்ட காத்து ஸ்பிரிங் மாதிரி வேலை செய்யும். ஒரு கண்ணாடி ஆடினா ஸ்பிரிங் இன்னொண்ணையும் சேர்த்து ஆட்டும். ஒரு குறிப்பிட்ட சுருதியில ரெண்டும் ஜோடி போட்டு ஆடி, சத்தத்தைத் தாராளமா அந்தப் பக்கம் அனுப்பிடும். நாங்க எடுத்த கண்ணாடிக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நடுவுல ஒரு இன்ச் இடைவெளி விட்டா அந்த சுருதி சுமார் 110 ஹெர்ட்ஸ்ல வருது. அது சாதாரணமா ஒரு ஆம்பளை பேசுற குரல்! அஞ்சு இன்ச் விட்டா 50 ஹெர்ட்ஸ் பக்கம் இறங்கிடுது. பேச்சுக் குரலுக்குக் கீழே. அதனாலதான் ஸ்டுடியோ ஜன்னல் அவ்வளவு ஆழமா இருக்கு. அழகுக்கு இல்ல!

இன்னொரு விஷயம், ரெண்டு கண்ணாடியும் ஒரே கனத்துல இருக்கக் கூடாது. ஒவ்வொரு கனத்துக்கும் ஒரு பலவீனமான சுருதி உண்டு. 12 எம்.எம். கண்ணாடிக்கு அது ஆயிரம் ஹெர்ட்ஸ் பக்கம். 6 எம்.எம்.முக்கு ரெண்டாயிரம் பக்கம். ரெண்டும் ஒரே கனம்னா, ரெண்டும் ஒரே இடத்துல கோட்டை விடும். வேற வேற கனம்னா, ஒண்ணு விட்டதை இன்னொண்ணு பிடிக்கும். கிரிக்கெட்ல விக்கெட் கீப்பருக்குப் பின்னாலயும் ஒரு ஆள் நிக்கிற மாதிரி.

கன்ட்ரோல் ரூம் பக்கம் 12 எம்.எம். சாதாரணக் கண்ணாடி. ஸ்டுடியோ பக்கம் லேமினேட்டட். அதாவது 4 எம்.எம். கண்ணாடி ரெண்டு, நடுவுல ஒட்டின பிளாஸ்டிக் படலம். கார் முன்பக்கக் கண்ணாடி இருக்குல்ல, அதே ரகம். நடுவுல இருக்கிற படலம் அதிர்வைக் கொஞ்சம் தின்னுடும்.

'மூணு கண்ணாடி போட்டா இன்னும் நல்லா இருக்குமே'ன்னு ஒரு ஃப்ரெண்ட் கிளம்பினான். இருக்கிற இடத்துக்குள்ளயே நடுவுல மூணாவதைச் செருகினா, ஒரு பெரிய இடைவெளி ரெண்டு குட்டி இடைவெளியாப் போயிடும். ஸ்பிரிங் இறுகிடும். தாழ்ந்த சத்தம் முன்னைவிட அதிகமா வரும். அவனை டீ வாங்க அனுப்பினோம்.

'கண்ணாடியைச் சாய்ச்சு வைக்கணும், அப்பதான் சத்தம் வராது'ன்னு இன்னொருத்தன். ஸ்டுடியோ ஜன்னல்ல ஒரு கண்ணாடி சாய்ஞ்சிருக்கிறதைப் பார்த்திருப்பீங்க. அது பெரும்பாலும் சத்தத்துக்கு இல்ல, பிம்பத்துக்கு. கண்ணாடியோட மேல்பக்கம் நம்மைப் பார்த்துச் சாய்ஞ்சிருந்தா, டியூப்லைட்டும் நம்ம மூஞ்சியும் அதுல தெரியாது, தரைதான் தெரியும். அப்பாகிட்ட இதை எழுதிக் காட்டினேன். "சாய்ச்சா நடுவுல இடம் குறையுமே. லைட்டை நகர்த்திட்டா போதாதா?"ன்னார். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு லைட்டை நகர்த்தினோம். பிரச்னை முடிஞ்சது.

பழைய வீடு, பஸ் ரப்பர்

மரம் வாங்கப் போனா, அப்பா நேரா பழைய மரக் கடைக்குப் போறார். இடிச்ச வீட்டோட நிலை, உத்தரம் எல்லாம் குவிச்சு வெச்சிருப்பாங்களே, அங்கே. "புது மரம் காய்ஞ்சா முறுக்கும் பாப்பா. முறுக்கினா இடுக்கு விழும். இது அறுபது வருஷம் காய்ஞ்சது. இதுக்கு மேல முறுக்க இதுகிட்ட ஒண்ணும் இல்ல"ன்னார். ஒரு வேங்கை நிலையைத் தேர்ந்தெடுத்தார். ஆணி எல்லாம் பிடுங்கி இழைச்சதும் உள்ளே புது மரம் மாதிரி நிறம்!

ரெண்டு கண்ணாடிக்கும் ஒரே சட்டம் கிடையாது. ரெண்டு தனித்தனிச் சட்டம். ஸ்டுடியோ பக்கம் ஒண்ணு, கன்ட்ரோல் ரூம் பக்கம் ஒண்ணு. நடுவுல ஒண்ணை ஒண்ணு தொடவே கூடாது. தொட்டா, மரம் வழியாவே அதிர்வு தாண்டிடும். நடுவுல சுத்தி கிளாஸ் வுல் வெச்சு, மேல கறுப்புத் துணி. உள்ளே அலையுற சத்தத்தை அந்தப் பஞ்சு குடிச்சிடும்.

கண்ணாடி மரத்தையும் தொடக் கூடாது. இதுக்கு என்ன பண்றதுன்னு நான் நெட்டுல தேடிட்டு இருந்தப்போ, அப்பா பஸ்ஸுக்கு பாடி கட்டுற சாமான் விக்கிற கடைக்குக் கூட்டிட்டுப் போனார். பஸ் ஜன்னல் கண்ணாடியைச் சுத்தி ஒரு கறுப்பு ரப்பர் இருக்குமே... அந்தப் பட்டையில பதினஞ்சு அடி ரெண்டு துண்டு. "ரோடு முழுக்கக் குலுங்குற பஸ்ஸுல கண்ணாடி நிக்குதுல்ல? அப்ப இதான் சரி."

கண்ணாடியோட அடியில ரெண்டு ரப்பர் கட்டை. ஓரத்துலேர்ந்து கால்வாசி தூரத்துல ஒண்ணு, அந்தப் பக்கம் கால்வாசியில ஒண்ணு. மொத்த எடையும் அது மேலதான் உட்காரும். 12 எம்.எம். கண்ணாடி அந்த சைஸுக்கு 33 கிலோ. ரெண்டு மூட்டை அரிசி கனம் இல்லைதான். ஆனா அரிசி மூட்டை கீழே விழுந்தா உடையாது! நாலு பேர் பிடிச்சோம். அப்பா ஒரு விரலை ஆட்டி ஆட்டி 'மேல... மேல... நிறுத்து'ன்னார். யாரும் பேசலை. கண்ணாடி காடிக்குள்ள போய் உட்கார்ந்தப்போ, பிடிச்சிருந்த நாலு பேரும் ஒரே நேரத்துல மூச்சு விட்டோம்.

அந்தப் பக்கத்து ஆள்

அன்னைக்கு ஒரு கண்ணாடிதான் மாட்டி முடிஞ்சிருந்தது. ஓரத்துல எல்லாம் தற்காலிகமா அடைச்சாச்சு. சும்மா ஒரு சோதனை பண்ணலாம்னு புரொபசர் ஸ்டுடியோவுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டு ஏதோ பேசினார். நாங்க இந்தப் பக்கம்.

அவர் குரல் வந்துச்சு. நிச்சயமா அவர் குரல்தான். ஏத்தம், இறக்கம், இழுவை எல்லாம் அவரேதான். ஆனா, ஒரு வார்த்தை புரியலை. 'ம்ம்... ஆ... ஓ...'ன்னு தண்ணிக்கு அடியிலேர்ந்து பேசுற மாதிரி. இது ஏன்னு எனக்குத் தெரியும். ஒத்தைக் கண்ணாடி உயர்ந்த சுருதியை நல்லாத் தடுக்கும், தாழ்ந்த சுருதியை விட்டுடும். பேச்சுல 'ஆ, ஓ' எல்லாம் கீழே இருக்கு. 'ச', 'ஸ', 'த' மாதிரி மெய்யெழுத்து எல்லாம் மேல இருக்கு. கீழே இருக்கிறது வந்துடுது, மேல இருக்கிறது நின்னுடுது. குரல் இருக்கும், சொல் இருக்காது.

"என்னடா சொல்றார்?"னு நாங்க ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்தோம். பின்னாலேர்ந்து அப்பா சாவகாசமா சொன்னார்:

"பசிக்குது, சாப்பாட்டுக்குப் போலாமாங்கிறார்."

எல்லாரும் திரும்பினோம். கதவைத் திறந்து கேட்டா, அதேதான். வார்த்தை மாறாம அதேதான்! அப்பா உதட்டைப் பார்த்துப் படிச்சிருக்கார். அஞ்சு பேர் நல்ல காதோட நின்னோம். புரிஞ்சது அவருக்கு மட்டும்தான்.

பசங்க விசில் அடிச்சாங்க. புரொபசர் கை கொடுத்தார். அப்பா வெட்கப்பட்டுச் சிரிச்சார். அப்புறம் சாப்பிடப் போறப்போ, என்கிட்ட மட்டும் மெதுவா சொன்னார். "எனக்கு ரெண்டு வருஷமா எல்லாரும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம்தான் பாப்பா. நீ, உங்கம்மா, எல்லாரும். சத்தம் வருது. பேச்சு வரலை."

எங்க வீட்டுல அம்மா சத்தமாப் பேசுவாங்க, அப்புறம் இன்னும் சத்தமாப் பேசுவாங்க. "ஏங்க... அதான் கத்துறேன்ல!" அப்பாவுக்கு அந்தக் கத்தலும் கேட்டுட்டுதான் இருந்திருக்கு. வார்த்தைதான் போய்ச் சேரலை. அந்த ஒத்தைக் கண்ணாடிக்கு முன்னால நின்ன ரெண்டு நிமிஷத்துலதான் எனக்கு அப்பாவோட காது எப்படி இருக்கும்னு தெரிஞ்சது. அதுக்கு முன்னாடி எந்தப் புத்தகமும் அதை எனக்குச் சொல்லலை.

போஸ்ட் கார்டு கணக்கு

ரெண்டாவது கண்ணாடி மாட்டுறதுக்கு முன்னால ஒரு முக்கியமான வேலை... துடைக்கிறது! உள்பக்கம் ஒரு கைரேகை இருந்தாலும் காலத்துக்கும் அங்கேயேதான் இருக்கும். ஒரு கொசு உள்ளே மாட்டிக்கிட்டா, எல்லா ரெக்கார்டிங்குக்கும் அதுதான் விருந்தாளி. துடைச்சோம், துடைச்சோம், வெளிச்சம் அடிச்சுப் பார்த்துத் திரும்பத் துடைச்சோம். அடியில துணிக்குக் கீழே சிலிக்கா ஜெல் பொட்டலம். புது ஷூ டப்பாவுல வருமே, அதுதான். உள்ளே அடைபட்ட ஈரத்தை அது உறிஞ்சிக்கும். இல்லேன்னா ஸ்டுடியோ ஏசி குளிர்ல கண்ணாடி உள்ளே வேர்த்துடும். அப்பா இன்னொரு யோசனை பண்ணினார். ஒரு பக்கத்து பீடிங்கை ஆணி அடிக்காம ஸ்க்ரூ போட்டு மாட்டினார். "என்னைக்காவது திறக்க வேண்டி வரும்."

கடைசி வேலை இடுக்கு அடைக்கிறது. இதுலதான் ஜன்னலோட உயிரே இருக்கு. ஒரு கணக்கு சொல்றேன், கேளுங்க. மொத்தப் பரப்புல நூத்துல ஒரு பங்கு திறந்திருந்தா போதும்... எவ்வளவு விலை கொடுத்துக் கண்ணாடி வாங்கினாலும் இருபது டெசிபலுக்கு மேல தடுக்க முடியாது. எங்க ஜன்னலுக்கு அந்த ஒரு பங்கு எவ்வளவு தெரியுமா? கிட்டத்தட்ட ஒரு போஸ்ட் கார்டு! அதையே ஜன்னலைச் சுத்தி நீட்டி விட்டா, ஒரு நூலுக்கும் குறைவான இடுக்கு. ஆமா, ஒரு இன்ச்சுல எட்டுல ஒரு பங்குகூட இல்லை.

கொத்தனார் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவுல சிமென்ட் பூச வந்தார். அப்பா தடுத்தார். "சிமென்டும் மரமும் சேர்ந்து இருக்காது. வெயிலுக்கு ஒண்ணு விலகும். கோடு விழும்." உள்ளே பஞ்சை அடைச்சு, மேல சிலிக்கான். ரப்பர் மாதிரி இழுபடுறதால, மரம் நகர்ந்தா அதுவும் கூட நகரும். துப்பாக்கி மாதிரி ஒண்ணை வெச்சு அழுத்தி அழுத்தி என் கட்டை விரல் ரெண்டு நாள் மடங்கலை!

அப்புறம் விளக்கை எல்லாம் அணைச்சுட்டு, ஒரு பக்கம் டார்ச் அடிச்சோம். இன்னொரு பக்கம் ஓரத்துல எங்கேயாவது வெளிச்சக் கீற்று தெரியுதான்னு பார்த்தோம். கீழ் மூலையில ஒரு புள்ளி தெரிஞ்சது. அடைச்சோம். அப்புறம்தான் ஊதுபத்தி! ஸ்டுடியோவுல ஃபேனை முழு வேகத்துல விட்டுட்டு, இந்தப் பக்கம் சட்டத்தோட ஓரமா ஊதுபத்தியை மெதுவா நகர்த்திட்டே போனேன். புகை நேரா போயிட்டே இருந்தது. சுவிட்ச் போர்டு பக்கத்துல போனதும் சட்டுனு வளைஞ்சது. வயர் போற பைப் சுவரைத் தாண்டி அந்தப் பக்கம் போகுது! ஜன்னல்னு நினைச்சுத் தேடினா, ஓட்டை சுவிட்ச் போர்டுல. சத்தம் நாம யோசிக்கிற வழியில வராது. அதுக்கு எது வழியோ அதுல வரும். அதையும் அடைச்சோம்.

பறை சொன்ன தீர்ப்பு

கடைசிச் சோதனைக்கு எங்க காலேஜ் பறை டீமைக் கூப்பிட்டோம். மூணு பேர், மூணு பறை, ஸ்டுடியோவுக்குள்ள. தீயில காய்ச்சி முறுக்கேத்திட்டு வந்து நின்னாங்க. கதவைச் சாத்தினோம். புரொபசர் கண்ணாடி வழியா விரலை நீட்டினார். 'ஆரம்பிங்க'ன்னு அர்த்தம்.

கை பறக்குது. குச்சி பறக்குது. தலை ஆடுது. வேர்வை தெறிக்குது. இந்தப் பக்கம்... எங்கேயோ ரெண்டு தெரு தள்ளி அடிக்கிற மாதிரி ஒரு மெல்லிசான அதிர்வு. அவ்வளவுதான். அதுவும் ஜன்னல் வழியா வந்தது இல்லை. அப்பா கண்டுபிடிச்சார். ஸ்டுடியோ பக்கக் கண்ணாடியில உள்ளங்கையை வெச்சு, "இது ஆடுது"ன்னார். வெளியே வந்து இந்தப் பக்கக் கண்ணாடியில கையை வெச்சார். "இது ஆடலை." கீழே குனிஞ்சு தரையில கையை வெச்சார். "இந்தா, இது வழியாத்தான் வருது." ஜன்னல் எவ்வளவு நல்லா இருந்தாலும் தரையும் சுவரும் ஒண்ணுதானே. அதை அடைக்கணும்னா ரூமுக்குள்ள இன்னொரு ரூம் கட்டணும். அதுக்கு எங்ககிட்ட பணம் இல்லை. எங்களுக்குத் தேவையும் இல்லை.

அன்னைக்கு எல்லாரும் கைஜாடை கத்துக்கிட்டோம். ரேடியோக்காரங்களுக்குன்னு ஒரு பாஷை இருக்கு. விரலை நீட்டினா, ஆரம்பி. விரலைச் சுத்தினா, சீக்கிரம் முடி. சூயிங்கம் இழுக்கிற மாதிரி ரெண்டு கையையும் விரிச்சா, இன்னும் கொஞ்சம் நீட்டு. கழுத்துக்குக் குறுக்கே கையை இழுத்தா, நிறுத்து. உள்ளே இருக்கிறவங்களோட பேச டாக்பேக் மைக் உண்டு. ஆனா, ரெக்கார்டிங் ஓடுறப்போ எல்லாம் கைதான், கண்ணுதான். எங்க எல்லாரையும்விட வேகமா அதைப் பிடிச்சது யார்னு நான் சொல்லணுமா?

ஜன்னலுக்கு அப்புறம்...

ஜன்னல் வேலை முடிஞ்ச அடுத்த வாரம், அப்பாவே, "காதைக் காட்டிட்டு வரலாமா பாப்பா?"ன்னு கேட்டார். ரெண்டு வருஷமா நாங்க கெஞ்சியும் வராதவர்! அரசு ஆஸ்பத்திரியில ஒரு சின்ன ரூம்ல உட்கார வெச்சு டெஸ்ட் பண்ணினாங்க. அந்த ரூமுக்கும் ஒரு குட்டி ஜன்னல், ரெண்டு கண்ணாடி. அப்பா ஹெட்போனை மாட்டிக்கிறதுக்கு முன்னாடி அதைத் தட்டிப் பார்த்தார். வெளியே வந்ததும் சொன்ன முதல் வார்த்தை, "அந்த ஜன்னலுக்கு ரப்பர் சரியில்ல."

ரிப்போர்ட்ல கோடு நேரா வந்து நாலாயிரம் ஹெர்ட்ஸ் பக்கம் பள்ளத்துல விழுந்திருந்தது. சத்தத்துல வேலை பார்க்கிறவங்களுக்குப் பெரும்பாலும் அங்கேதான் முதல்ல போகுமாம். உள்காதுல இருக்கிற நுண்ணிய முடி செல்கள் செத்துட்டா திரும்ப முளைக்காது. போனது போனதுதான். ஆனா மிச்சம் இருக்கிறதைக் காப்பாத்தலாம், மெஷின் வெச்சுக் கூட்டிக் கொடுக்கலாம். இப்ப அப்பா காதுல மெஷின் இருக்கு. போன்ல அளவு சொன்னா, "எழுதி அனுப்புங்க"ன்னு தயங்காமக் கேட்கிறார். அம்மா கத்துறதை விட்டுட்டாங்க. எதிர்ல வந்து, முகம் பார்த்துப் பேசுறாங்க. எங்க வீட்டுல டெசிபல் குறைஞ்சிடுச்சு. பேச்சு கூடிடுச்சு!

அந்த ஜன்னலைப் பார்த்துட்டு வந்து, வீட்டுல சின்னதா ஸ்டுடியோ போடுற ரெண்டு பேர் அப்பாவுக்கு வேலை கொடுத்தாங்க. அதுக்கு அப்புறம் இன்னும் சிலர். 'ஸ்டுடியோ ஜன்னல் மேஸ்திரி'ங்கிறது இப்ப அவரோட புதுப் பட்டப்பேரு.

நீங்களும் உங்க ரூம்ல ஒண்ணு கட்டப்போறீங்களா? காசு குறைச்சலா இருந்தா கண்ணாடியில மிச்சம் பிடிங்க, இடுக்குல மிச்சம் பிடிக்காதீங்க. ஜன்னலுக்கு முன்னால கதவைப் பாருங்க. பெரும்பாலும் அதுதான் பெரிய ஓட்டை. ரெண்டு கண்ணாடி, வேற வேற கனம், நடுவுல எவ்வளவு முடியுமோ அவ்வளவு இடம், எதுவும் எதையும் தொடாம ரப்பர். நல்லா இழைக்கத் தெரிஞ்ச ஒரு தச்சர். அவர் சொல்றதைக் காது கொடுத்துக் கேளுங்க.

அப்புறம் உங்க காது. 85 டெசிபல் சத்தத்துல ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம்தான் வேலை பார்க்கலாம்னு அமெரிக்காவோட வேலைப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான 'நியாஷ்' சொல்லுது. அதுக்கு மேல ஒவ்வொரு மூணு டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். நூறு டெசிபல்னா பதினஞ்சே நிமிஷம்! மரப் பட்டறையில வட்ட ரம்பம் ஓடினா சர்வசாதாரணமா நூறைத் தொடும். பட்டறைக்குப் போகாதவங்களும் தப்பிக்க முடியாது. இயர்போன்ல பாட்டு கேட்கிறவங்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்ற அளவு, 80 டெசிபல்ல வாரத்துக்கு நாற்பது மணி நேரம். காலேஜ் பஸ்ஸுல இன்ஜின் சத்தத்தைத் தாண்டிக் கேட்கணும்னு வால்யூமை முழுசா வைக்கிறவங்க, தயவுசெஞ்சு இந்தப் பத்தியை இன்னொரு தடவை படிங்க.

அப்பா பட்டறையில இப்ப ரெண்டு பசங்க வேலை கத்துக்கிறாங்க. பத்தொன்பது, இருபது வயசு இருக்கும். சேர்ற அன்னைக்கு உளியோ இழைப்புளியோ அவர் கையில எடுத்துக் கொடுக்கலை. சுவர் ஆணியில மாட்டியிருந்த காது மூடியை எடுத்துக் கொடுத்து, "முதல்ல இதை மாட்டிப் பழகு தம்பி"ன்னார்.